ஏற்காடு அருவிக்குக் கிளம்பும் முன் ஒரு போன்

கடலூரிலிருந்து ஏற்காட்டுக்கு அருவி பார்க்கப் போகிறீர்களா? அறை போடும் முன் அங்குள்ள விடுதிக்கு போன் செய்து, "ஏரி கோடி போகுதா?" என்று மட்டும் கேளுங்கள். கிளியூர் அருவியில் சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுவது பெரும்பாலும் ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான். ஏரி வழியவில்லை என்றால், அத்தனை படி இறங்கிப் போய் ஈரப் பாறையைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும் (ஏறி வருவதுதான் கொடுமை). நம் ஊரில் புயல் மழை கொட்டுவதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், சேர்வராயன் மலையில் பெய்ததா என்பதே முக்கியம்.

ஒகேனக்கல்லுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே வருவது காவிரி; கர்நாடக அணைகளில் எவ்வளவு திறந்தார்கள் என்று பாருங்கள். அப்புறம், கனமழை எச்சரிக்கை இருந்தால் ஏரி வழிந்தாலும் மலை ஏற வேண்டாம்.