குடும்பத்தைத் தாளில் வரைய வையுங்கள்

மனநல ஆலோசனைக்கு வருபவரிடம் "உங்க குடும்பத்தைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் "எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க" என்பார். வீட்டு விஷயத்தை வெளியாளிடம் சொல்லக் கூச்சம் இருக்கும். அதனால் நான் பெரிய தாளையும் பென்சிலையும் அவர் பக்கம் நகர்த்திவிடுவேன்.

வரையப்போவது ஜீனோகிராம், அதாவது யார் யாருக்கு என்ன உறவு என்று குறிகளாலும் கோடுகளாலும் காட்டும் குடும்ப வரைபடம். அமெரிக்க மனநல மருத்துவர் மரே போவனின் குடும்ப அமைப்புக் கோட்பாட்டிலிருந்து வளர்ந்த இந்த முறையை 1985இல் மோனிகா மெக்கோல்ட்ரிக்கும் ராண்டி கெர்சனும் நூலாக்கினார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குப் பெருக்கல் குறி. மூன்று தலைமுறை போதும்.

நம் வீடுகளில் கோடுகள் சிக்கிக்கொள்ளும். தாய்மாமனைக் கட்டியவருக்குப் பாட்டியே மாமியார், அம்மாவே நாத்தனார். அம்மாவை இரண்டு இடத்தில் வரையாதீர்கள். ஒரே வட்டத்திலிருந்து இரண்டு உறவுக் கோடும் போகட்டும். கணவனோடு சண்டை வந்தால் அம்மா யார் பக்கம் நிற்பார் என்ற கேள்வி அந்த வட்டத்தில்தான் இருக்கிறது.

அப்புறம், "அப்பாவைப் பிடிக்குமா?" என்று கேட்க வேண்டாம். செய்தி போகும் வழியைக் கேளுங்கள். ஒரு இளம்பெண்ணிடம் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) கேட்டேன்:

"வேலையை விட்டுட்டீங்கன்னா அப்பாகிட்ட யார் சொல்வாங்க?"

"அம்மா."

"அப்பாவுக்கு உங்ககிட்ட ஏதாவது சொல்லணும்னா?"

"அதுவும் அம்மாதான்."

பென்சில் நின்றுவிட்டது. இரண்டு பேருக்கு நடுவே இருக்கும் இறுக்கத்துக்குள் மூன்றாமவர் இழுக்கப்படுவதைப் போவன் முக்கோணம் என்றார்; இதுதான் அது. ஆனால் உடனே அதை விளக்க ஆரம்பித்துவிடாதீர்கள். "அம்மா ஒரு வாரம் ஊர்ல இல்லன்னா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவரே கண்டுபிடிக்கும்போதுதான் அது அவருடையதாகிறது.

இத்தாலியின் மிலான் குழுவைச் சேர்ந்த குடும்ப சிகிச்சையாளர்கள் தந்த சுற்றுக் கேள்விகளும் (ஒருவரிடம் வீட்டில் மற்றவர்களைப் பற்றிக் கேட்பவை) கைகொடுக்கும்: "நீங்களும் அண்ணனும் பேசாம இருந்தா யாருக்கு அதிகமா வலிக்கும்?" தன் வலியைச் சொல்லத் தயங்குபவர்கூட அடுத்தவர் வலியைப் பற்றிப் பேசுவார்.

பேச்சில் அடி, பாலியல் துன்புறுத்தல் வெளிப்பட்டால் வரைவதை நிறுத்திவிடுங்கள். பாதுகாப்புதான் முதல் வேலை. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 உதவி எண்கள் இருக்கின்றன. "வீட்டுக்குப் போய் நேராகக் கேளுங்கள்" என்று யாரையும் தள்ளிவிடாதீர்கள். கேட்ட பிறகு அதே வீட்டில் வாழப்போவது அவர்தான்.

கடைசியாக, தாள் எங்கே இருக்க வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். வீட்டில் யாராவது பையைத் துழாவும் பழக்கம் இருந்தால், அது உங்கள் பூட்டிய அலமாரியிலேயே இருக்கட்டும்.