மதுரையிலிருந்து குவாதலூப்: போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். கரீபியக் கடலில் உள்ள இந்தத் தீவு பிரான்சைச் சேர்ந்தது, யூரோதான் செல்லும். ஆனால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான சாதாரண ஷெங்கன் விசா மட்டும் போதாது. கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிக்கு என்று விண்ணப்பத்திலேயே கேளுங்கள். பாரிசில் ஒரு விமான நிலையத்தில் இறங்கி இன்னொன்றில் ஏற வேண்டியிருந்தால் ஷெங்கனும் தேவை. நரிமேட்டிலிருந்து கிளம்பும்போது இதை எனக்குச் சொல்ல ஆளில்லை. கடைசி வாரம் அலைந்தேன்.

தீவு பட்டாம்பூச்சி வடிவம். கிழக்குச் சிறகில் சேன்ட் ஆன் கடற்கரை: வெள்ளை மணல், ஆழமில்லாத நீர், அம்மாவே இறங்கி நின்றார். மேற்கில் தெஷே ஊரின் கிராந்த் ஆன்ஸ் கடற்கரை, பொன்னிற மணல். அப்புறம் 1,467 மீட்டர் சூஃப்ரியேர் எரிமலை; விடியற்காலையிலேயே ஏறுங்கள், பிறகு மேகம் மூடிவிடும்.

கரையில் சிவப்புப் பட்டை அடித்த மரத்தைக் கண்டால் விலகுங்கள். மான்சினீல், சின்ன ஆப்பிள் போல் காய்க்கும். நம் எருக்கம்பாலைவிடக் கொடிய பால். மழைக்குக்கூட அடியில் ஒதுங்காதீர்கள், சொட்டுகிற நீரே கொப்புளமாக்கும்.

1854 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு நம் மக்களைக் கப்பலில் கொண்டுபோனார்கள். கபெஸ்தேர் என்ற ஊரில் அவர்கள் வழிவந்தவர்களின் கோயில் இருக்கிறது, அவசியம் போங்கள். மதிய உணவுக்கு 'கொலொம்போ' கேளுங்கள். மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு அரைத்த பொடி போட்டுச் சமைப்பது. தட்டு வந்ததும் அம்மா முகர்ந்து பார்த்து, "நம்ம குழம்புப் பொடிடா" என்றார்.