அடிபட்ட காரை வீட்டில் சரிசெய்வது எப்படி: பானெட் வாங்கும் முன் டேப்பைக் கையில் எடுங்கள்

மோதி நொறுங்கிய காரைக் குறைந்த விலைக்கு வாங்கியதும் எல்லோரும் முதலில் தேடுவது புது பம்பர், புது பானெட், புது ஹெட்லைட். உண்மையில் இவையெல்லாம் கடைசியில் வர வேண்டியவை. காரின் உடற்கூடு நேராக இருக்கிறதா என்று தெரியாமல் வாங்கிய பானெட் எந்தப் பக்கம் வைத்தாலும் உட்காராது. அதனால்தான் இந்தச் செய்முறையில் அளவெடுப்பதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில், எந்தக் காரைத் தொடலாம்?

குறைந்த வேகத்தில் முன்னாலோ பின்னாலோ இடிபட்டு, பெரும்பாலும் போல்ட் போட்டு மாட்டிய பாகங்கள் மட்டும் கெட்ட கார்தான் முதல் முயற்சிக்கு ஏற்றது. உருண்ட கார், பக்கவாட்டு இடியில் கதவுத் தூண் உள்வாங்கிய கார், வெள்ளத்தில் மூழ்கிய கார் மூன்றும் வேண்டாம். ஆரஞ்சு நிறத் தடித்த கேபிள் ஓடும் ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களும் வேண்டாம். அந்தக் கேபிளில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் இருக்கிறது. பணம் கொடுக்கும் முன்பே, இந்தக் காரை மறுபடி சாலையில் ஓட்டப் பதிவும் காப்பீடும் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: பேட்டரியும் ஏர்பேக்கும்

எந்த ஸ்பேனரையும் எடுக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். கழற்றிய உடனே வேலையைத் தொடங்காதீர்கள். ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட்டுக்குள் மின்சாரம் சிறிது நேரம் தேங்கி நிற்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது அந்தக் காரின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அதன்படியே நடங்கள்.

ஏர்பேக் கனெக்டர்கள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். அங்கே மல்டிமீட்டரை வைக்கவே கூடாது, மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டம்கூட ஏர்பேக்கை வெடிக்க வைக்கக்கூடும். வெடிக்காத ஏர்பேக்கைக் கழற்றினால் அதன் முகப்பை உடம்புக்கு எதிர்ப்புறமாகப் பிடித்துத் தூக்குங்கள், தரையில் வைக்கும்போது முகப்பு மேலே பார்த்திருக்கட்டும்.

ஏர்பேக் வெடித்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதாது. சீட் பெல்ட்டை இழுத்து இறுக்கும் பிரிடென்ஷனர் பெரும்பாலும் கூடவே வெடித்திருக்கும், பெல்ட் பூட்டிக்கொண்டு நகராது. கன்ட்ரோல் யூனிட், மோதல் சென்சார் ஆகியவற்றையும் மேனுவல் சொல்கிறபடி மாற்றியாக வேண்டும். இந்த ஓர் இடத்தில் பழைய சாமான் வாங்கிப் பணத்தை மிச்சம்பிடிக்காதீர்கள். எச்சரிக்கை விளக்கின் ஒயரை வெட்டி, எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டி விற்பவர்கள் உண்டு. அந்த இருக்கையில் நாளை உட்காரப்போவது ஒரு மனிதர்.

படி 2: கழற்றுவது

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள். போல்ட்டுகளைத் தனித்தனிப் பைகளில் போட்டு, எந்த இடத்தைச் சேர்ந்தது என்று எழுதி வையுங்கள். காருக்கு அடியில் போகும் வேலை இருந்தால் ஜாக்கியை நம்பவே கூடாது. கெட்டியான சமதளத்தில் ஸ்டாண்ட் கொடுத்து, வண்டியை ஒருமுறை தள்ளி ஆட்டிப் பார்த்த பிறகே அடியில் போங்கள்.

படி 3: அளப்பது

இன்றைய கார்களின் முன்பகுதி திட்டமிட்டே நசுங்கும்படி செய்யப்பட்டது. பேலா பாரேனி என்ற பொறியாளரின் இந்த யோசனை 1959-இல் மெர்சிடிஸ் பென்ஸின் டபிள்யூ 111 வரிசையில் தயாரிப்புக்கு வந்தது. முன்னால் நசுங்கும் பகுதி இடியின் வேகத்தை வாங்கிக்கொள்ளும், ஆட்கள் உட்காரும் கூடு நசுங்காமல் நிற்கும். இதனால் அடி விழுந்த இடத்தில் மட்டும் சேதத்தைத் தேடினால் போதாது. இடி, காரின் முன்பகுதியில் நீளவாக்கில் ஓடும் ரெயில் என்ற இரும்புச் சட்டம் வழியாகப் பின்னோக்கிப் பயணப்பட்டிருக்கலாம். கூரையில் மெல்லிய நெளிவு, மூட்டுகளில் வெடித்த சீலர், செதில் செதிலாக உதிர்ந்த பெயின்ட், மேல்பக்கம் ஒரு அளவும் கீழ்ப்பக்கம் வேறு அளவுமாக இருக்கும் கதவு இடைவெளி, இவைதான் அடையாளங்கள்.

இனி டேப். இன்ஜின் அறையில் இடது சஸ்பென்ஷன் டவர் (சஸ்பென்ஷனின் மேல்முனை மாட்டியிருக்கும் மேடு) போல்ட்டிலிருந்து வலது முன்மூலையில் உள்ள ஒரு துளைக்குக் குறுக்காக அளங்கள். பிறகு வலது டவரிலிருந்து இடது மூலையில் அதே துளைக்கு. இரண்டும் ஒத்துவர வேண்டும். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் கூடு கோணியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் காரிலும் இரு பக்கத் துளைகளும் ஒரே இடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் அந்த மாடலின் உடல் அளவு வரைபடம் கிடைத்தால் அதோடு ஒப்பிடுவதே உறுதி.

அடுத்து ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம்வரை இரு பக்கமும் அளங்கள். ஒரு பக்கம் குறைந்தால், சக்கரத்தைப் பிடித்திருக்கும் கன்ட்ரோல் ஆர்மோ, அது மாட்டியிருக்கும் சப்ஃபிரேம் என்ற அடிச்சட்டமோ நகர்ந்திருக்கும். (ரெனோ 4 மாதிரி சில பழைய கார்களில் இடது வலது வீல்பேஸ் (இந்த முன்-பின் சக்கர மைய தூரம்) தயாரிப்பிலேயே வேறு வேறு. ஸ்பிரிங்காக வேலை செய்யும் பின்பக்க டார்ஷன் பார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடப்பதால் அப்படி.)

ரெயில் லேசாக வளைந்திருந்தால் நேராக்கலாம். மடிந்து கூர்மையான முறிவு விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். இரண்டுமே ஃபிரேம் பெஞ்ச் (கூட்டைப் பிடித்து அளந்து இழுக்கும் மேடை) உள்ள ஒர்க்ஷாப்பின் வேலை. மரத்தில் சங்கிலி கட்டி இழுக்கும் வழியைத் தயவுசெய்து முயலாதீர்கள், அறுந்த சங்கிலி ஆளைக் கொல்லும். கேஸ் வைத்துச் சூடாக்கித் தட்டுவதும் கூடாது. இன்றைய கார்களில் உள்ள உயர்வலு இரும்பு சூடுபட்டால் பலம் இழந்துவிடும். பார்வைக்கு நேராகத் தெரியும் ரெயில் அடுத்த மோதலில் தாங்காது. பம்பருக்குப் பின்னாலிருக்கும் குறுக்கு பீமையும் தட்டி நேராக்காமல் மாற்றிவிடுங்கள்.

படி 4: இயந்திரப் பகுதி

ரேடியேட்டர், கன்டென்சர், ஃபேன், இன்ஜின் மவுன்ட், ஆயில் பேன் எல்லாவற்றையும் பாருங்கள். ஏசி கேஸைத் திறந்துவிடாமல், அதை உறிஞ்சி எடுக்கும் கருவி உள்ளவரிடம் கொடுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் இயல்பாகச் சுழலும் திசையில் இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். எங்காவது இடித்தால் நிறுத்தி, காரணத்தைக் கண்டுபிடியுங்கள். வளைந்த கன்ட்ரோல் ஆர்ம், சக்கரத்தை ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராடு எதையும் நிமிர்த்த வேண்டாம், புதிது போடுங்கள்.

படி 5: மாட்டிப் பார்ப்பது

பெயின்ட் அடிக்கும் முன் எல்லாப் பாகங்களையும் தளர்வாக மாட்டிப் பாருங்கள். இங்கே வரிசை முக்கியம். பற்றவைத்த பின்பக்கப் பேனல் அசையாது, அதனால் அங்கிருந்து முன்னோக்கி வர வேண்டும். பின்கதவு, அதற்கு ஒத்து முன்கதவு, அதற்கு ஒத்து ஃபெண்டர், இரு ஃபெண்டர்களுக்கும் நடுவே பானெட், கடைசியில் ஹெட்லைட்டும் பம்பரும். முன்னாலிருந்து தொடங்கினால் மிச்சக் கோணல் முழுவதும் கதவில் வந்து சேரும். இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஓடவில்லையென்றால் போல்ட் துளைகளை அகலமாக்காதீர்கள், மூன்றாம் படிக்குத் திரும்பி மறுபடி அளங்கள். பானெட் பூட்டு முழுதாக விழுகிறதா என்பதைப் பலமுறை சோதியுங்கள். அது ஓட்டத்தில் திறந்தால் முன்னால் எதுவும் தெரியாது.

படி 6: பட்டியும் பெயின்ட்டும்

ஒடுக்கைப் பின்னாலிருந்து தட்டி எடுத்த பிறகே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை). ஏறக்குறைய 3 மி.மீ.க்கு மேல் கனமாகப் போட்டால் பிற்பாடு வெடிக்கும். உப்புத்தாள் 80-இல் தொடங்கி 180, 320 என்று மெல்ல ஏறி, பிரைமர் அடியுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். ஹார்ட்னர் கலக்கும் பெயின்ட்டில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடியது, சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. மேல்பூச்சை பெயின்ட் அடிக்கும் தனி அறை (பூத்) உள்ள இடத்தில் கொடுப்பதே நல்லது.

படி 7: சாலைக்கு முன்

காரில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் எல்லா மாட்யூலையும் (மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி) படியுங்கள். விலை குறைந்த ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜின் பிழைக் குறியீடுகளை மட்டுமே காட்டும், ஏர்பேக் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் கருவி வேண்டும். பம்பருக்குப் பின்னால் ரேடாரோ கண்ணாடியில் கேமராவோ இருந்தால் அதைச் சரியாகப் பார்க்கும்படி அளவு திருத்துவது (கேலிபிரேஷன்) கட்டாயம். பிறகு வீல் அலைன்மென்ட். அதில் முன்சக்கர எண்கள் மட்டும் போதாது, நான்கு சக்கர அளவுகளையும் அச்சிட்டு வாங்குங்கள்.

முதல் ஓட்டத்தை ஆளில்லாத இடத்தில் மெதுவாக வைத்துக்கொள்ளுங்கள். நின்ற பிறகு இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து கூலன்ட் அளவையும் பிரேக் ஆயிலையும் பாருங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாச் சக்கர நட்டுகளையும் டார்க் ரிஞ்சால் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) மறுபடி சரிபாருங்கள்.