பழுதான ஸ்டெர்ன்டிரைவை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஞ்சின் படகுக்குள்ளும் புரொப்பல்லரைச் சுழற்றும் கியர்ப்பகுதி பின்சுவருக்கு வெளியே தண்ணீரிலும் இருக்கும் அமைப்பைத்தான் ஸ்டெர்ன்டிரைவ் என்கிறோம். வோல்வோ பென்டா 1959-இலும் மெர்குரூசர் 1961-இலும் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. அமெரிக்க ஏரிகளிலும் புளோரிடாக் கடற்கரையிலும் ஓடும் இருபது அடி உல்லாசப் படகுகள் பலவற்றில் இன்றும் மெர்குரூசரின் ஆல்ஃபா ஒன் வகை டிரைவே இருக்கிறது. ஆகவே, இங்கே சொல்லப்படுபவை பெரும்பாலும் அதை வைத்தே சொல்லப்படுகின்றன.

முதல் தவறு, டிரைவின் மேல் இல்லாத குற்றத்தை அதன் தலையில் கட்டுவது. கியரிலிருந்து நியூட்ரலுக்கு வரும்போது எஞ்சின் நின்றுபோனால், டிரைவின் கியர் தேய்ந்துவிட்டது என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆல்ஃபாவில் கியர் எளிதாக விடுபடுவதற்காக, ஒரு சிறிய சுவிட்ச் எஞ்சினின் தீப்பொறியை நொடிப்பொழுது துண்டிக்கிறது. கியர் மாற்ற டிரைவுக்குச் செல்லும் கீழ் ஷிஃப்ட் கேபிள் இறுகிப்போனால் அந்தச் சுவிட்ச் நீண்ட நேரம் அழுந்தியே இருப்பதால்தான் எஞ்சின் நிற்கிறது. கேபிளை மாற்றினால் தீரக்கூடிய கோளாறுக்குப் புது டிரைவ் வாங்கியவர்கள் உண்டு. ஸ்டியரிங்கில் தளர்ச்சி இருந்தாலும் இதே கதைதான்: தேய்மானம், டிரைவைத் தாங்கித் திருப்பும், பின்சுவரோடு நிற்கும் கிம்பல் வளையத்திலோ அதன் மேல் தண்டிலோ இருக்கும்போது, புது டிரைவை மாட்டினாலும் அதே ஆட்டம் தொடரும்.

ஆயிலைப் பார்க்காமல் முடிவெடுப்பது அடுத்த தவறு. டிரைவைக் கழற்றாமல் செங்குத்தாக நிற்கும்படி தாழ்த்தி, அடித்திருகைக் கழற்றி, முதலில் வடியும் கால் டம்ளர் ஆயிலைத் தனியே பிடித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் தண்ணீர் கனமானது, அடியில்தான் தங்கும். பால் கலந்த காபியின் நிறத்தில் வந்தால் ஏதோ ஒரு சீல் கசிகிறது என்று பொருள். திருகின் காந்த நுனியில் மையைப்போல் ஒட்டியிருக்கும் நுண்தூள் சாதாரணத் தேய்மானமே; விரலுக்குத் தட்டுப்படும் உலோகச் சில்லு இருந்தால்தான் கியரோ பேரிங்கோ உடைகிறது என்று கொள்ளலாம். ஆயில் வெளுத்திருந்தும் சில்லு இல்லையென்றால், டிரைவைத் தூக்கி எறிவதற்கு முன் காற்றழுத்தச் சோதனையும் வெற்றிடச் சோதனையும் செய்து, கசியும் சீலைக் கண்டுபிடிப்பதே முறை. பல படகுகளில் குற்றவாளி, புரொப்பல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொண்டு சீலை அறுத்த தூண்டில் நரம்பாகவே இருக்கும்.

மாற்றுவது உறுதியானபின் நடக்கும் பெரிய தவறு, மலிவாகக் கிடைத்தது என்று பழைய டிரைவ் ஒன்றை கியர் விகிதம் (எஞ்சின் எத்தனை சுற்று சுற்றினால் புரொப்பல்லர் ஒரு சுற்று சுற்றும் என்ற கணக்கு) பாராமல் வாங்குவது. வெளித்தோற்றத்தில் ஆல்ஃபா டிரைவுகள் ஒன்றுபோலவே இருக்கும், 5.7 லிட்டர் வி-8 எஞ்சினுக்கு உரியதில் விகிதம் 1.47, 4.3 லிட்டர் வி-6 எஞ்சினுக்கு உரியதில் 1.81. வி-8 எஞ்சினுக்கான டிரைவை வி-6 எஞ்சினில் மாட்டினால், எஞ்சின் முழு த்ராட்டிலிலும் தன் வேகத்தை எட்டாமல் மூச்சுத்திணறும். நேர்மாறாக மாட்டினால் வரம்பு மீறிச் சுழன்று கெடும். மேல்கூட்டில் பொறித்த எண் அழிந்திருந்தால், கியரில் போட்டு, புரொப்பல்லர்த் தண்டில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, உள்வரும் தண்டை இருபது சுற்று சுற்றிப் பாருங்கள். புரொப்பல்லர்த் தண்டு பதினொரு சுற்று சுற்றினால் விகிதம் 1.81, பதின்மூன்றரையைச் சற்றுத் தாண்டினால் 1.47. விற்பவரின் வாக்குறுதியைவிட இந்தச் சுண்ணக்கோட்டையே நான் நம்புவேன்.

இவற்றையெல்லாம் விடக் கவனிக்கப்படாத இடம், டிரைவைக் கழற்றியதும் பின்சுவரில் தெரியும் துளைதான். டிரைவைக் கெடுத்த காரணம் பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. தண்டு வளைந்தும் சுழல உதவும் யூ-ஜாயிண்டைச் சுற்றியுள்ள, துருத்தி போன்ற ரப்பர் உறையான பெல்லோஸின் மடிப்புகளை விரலால் விரித்துப் பார்க்க வேண்டும். மேலே பளபளப்பாக இருக்கும் ரப்பரின் மடிப்புக்குள் வெடிப்பு ஒளிந்திருக்கும். அதன் வழியே வரும் தண்ணீர் முதலில், டிரைவின் உள்வரும் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கிறது, பிறகு படகுக்குள்ளேயே இறங்குகிறது. ஷிஃப்ட் கேபிளைச் சுற்றியுள்ள சிறிய பெல்லோஸ் கிழிந்தாலும் கரையில் கட்டிய படகு மூழ்கக்கூடும். திரும்பும்போது உறுமல் கேட்டால் பேரிங்கையும், கடகடவென்று தட்டினால் யூ-ஜாயிண்டையும் சந்தேகிக்கலாம். டிரைவ் கையில் இருக்கும்போதே பேரிங்கையும் பெல்லோஸையும் சேர்த்து மாற்றிவிடுவது சிக்கனம், ஏனெனில் அவற்றுக்காகப் பிறகு மீண்டும் இதே டிரைவை இறக்க வேண்டியிருக்கும்.

அலைன்மென்ட், அதாவது எஞ்சினும் டிரைவும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்காமல் டிரைவை ஏற்றுவது, புது டிரைவை முதல் நாளிலிருந்தே தேய்க்கத் தொடங்குவதற்குச் சமம். இதற்கென்றே உள்ள நீண்ட எஃகுக் கம்பியின் நுனியில் கிரீஸ் தடவி, கிம்பல் பேரிங் வழியே, எஞ்சினோடு தண்டை இணைக்கும் பல்லுள்ள கப்ளிங்குக்குள் செலுத்த வேண்டும். இரண்டு விரலால் தள்ளினாலே போகவேண்டும். சுத்தியலைத் தேடும் எண்ணம் வந்தால் அலைன்மென்ட் தவறு. கம்பியை வெளியே எடுத்து கிரீஸைப் பாருங்கள்: கப்ளிங்கின் பற்களின் அச்சு சுற்றிலும் ஒரே ஆழத்தில் பதிந்திருந்தால் சரி, மேலேயோ கீழேயோ மட்டும் வழிக்கப்பட்டிருந்தால் எஞ்சினின் முன்பக்கத் தாங்கிகளை ஏற்றியோ இறக்கியோ சரிசெய்ய வேண்டும். கப்ளிங்கின் பற்களே மழுங்கியிருந்தால், எஞ்சினை வெளியே எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. வலிக்கும் செலவுதான், ஆனால் அந்தப் பற்களில் புதுத் தண்டைச் செருகினால் நடுத்தண்ணீரில் எஞ்சின் மட்டும் சுற்ற, படகு நகராமல் நிற்கும்.

ஏற்றும்போது ஆல்ஃபாவில் டிரைவும் கேபிளும் முன்னோக்கிய கியரில் இருக்கவேண்டும் என்பதை மறந்து, இணையாத ஷிஃப்ட் தண்டை நட்டு முடுக்கியே இழுத்து வளைத்துவிடுகிறார்கள். தண்டின் ஓ-ரிங்கிலும் பற்களிலும் கிரீஸ் தடவி, புது கேஸ்கெட்டும் புது வாட்டர் சீலும் வைத்து, ஆறு நட்டுகளையும் மாற்றி மாற்றி 68 நியூட்டன் மீட்டர் வரை முடுக்கினால் போதும். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை இழுக்கும் ரப்பர் இறகுச் சக்கரமான இம்பெல்லர் இந்த டிரைவுக்குள்ளேயே இருப்பதால், பழைய டிரைவை வாங்கியிருந்தால் இம்பெல்லரை மாற்றாமல் ஏற்றக்கூடாது. தண்ணீர்க் குழாயை இணைக்காமல் "ஒரு நிமிடம் ஓட்டிப் பார்க்கலாம்" என்று ஓட்டுவதும் கூடாது. அந்த ஒரு நிமிடத்திலேயே ரப்பர் இறகுகள் கருகிவிடும்.

ஆயிலை மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும். அடித்துளை வழியே பம்ப் செய்து, மேல்துளையில் குமிழி இல்லாமல் வழியும்வரை நிரப்ப வேண்டும். டிரைவுக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அதைக் காக்கும் ஆனோடு உலோகத்தை, உப்புநீருக்கு துத்தநாகம் அல்லது அலுமினியம், நன்னீருக்கு மெக்னீசியம் என்று நீருக்கேற்பத் தேர்ந்தெடுப்பதோடு, அதன்மேல் பெயிண்ட் அடிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். செம்பு கலந்த அடிப்பூச்சை அலுமினிய டிரைவில் பூசுவது அரிப்பை நாமே அழைத்துவருவதாகும்.

1991-க்குப் பிந்தைய இரண்டாம் தலைமுறை ஆல்ஃபாவில், எஞ்சின் அருகே ஆயில் குப்பி ஒன்று இருக்கும். முதல் ஓட்டத்துக்குப்பின் மட்டம் சற்று இறங்கினால், உள்ளே சிக்கிய காற்று வெளியேறியிருக்கிறது, நிரப்பிக்கொள்ளலாம். இரண்டாவது, மூன்றாவது ஓட்டத்திலும் இறங்கிக்கொண்டே போனாலோ, குப்பியில் ஆயில் வெளுத்தாலோ, படகை மேலும் ஓட்டாமல் கரையேற்றி மீண்டும் அழுத்தச் சோதனையிலிருந்து தொடங்க வேண்டும்.