பங்காளிகள் கூடிப் பேச உட்காரும்போது: கூட்டத்தை நடத்துபவருக்கு ஒரு செய்முறை

செட்டிநாட்டில் பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீடுகள் ஏராளம். ஓடு மாற்றுவதிலிருந்து விற்பதா வேண்டாமா என்பதுவரை எல்லாமே கூடிப் பேச வேண்டிய விஷயங்கள். ஆனால் கூட்டத்தில் நாலு பேர்தான் பேசுவார்கள். மற்றவர்கள் ஊர் திரும்பும்போது காரில் பேசுவார்கள். அந்தக் கார்ப் பேச்சை வளவுக்குள், அதாவது வீட்டின் நடு முற்றத்துக்குள், கொண்டுவருவதுதான் நடத்துபவரின் வேலை. முதல்முறை நடத்தப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மகளிர் குழுவுக்கும் சங்கக் கூட்டத்துக்கும்கூட இதே முறைதான்.

1. கேள்வியை முடிவு செய்யுங்கள்

"வீட்டை என்ன செய்யலாம்?" என்று ஆரம்பித்தால் அஞ்சு நிமிஷத்தில் இரண்டு கட்சி ஆகிவிடும். "ஐப்பசி மழைக்கு முன்னால் எதையெல்லாம் சரிசெய்தாக வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஆளாளுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். ஒரு கூட்டத்துக்கு ஒரு கேள்வி போதும்.

2. யாரை அழைப்பது?

புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஒருவர் வந்தால் போதும் என்பார்கள். போதாது. ஆச்சிமார், அதாவது வீட்டுப் பெண்கள், வரட்டும். கட்டிக்கொடுத்த பெண்களும் வரட்டும். 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ள உரிமை மகளுக்கும் உண்டு. வீட்டைப் பார்த்துக்கொள்பவரை விட்டுவிடாதீர்கள். எந்த மூலையில் ஒழுகுகிறது என்று அவருக்குத்தான் தெரியும். நடத்துபவருக்கு அந்த வீட்டில் பங்கு இல்லாமல் இருப்பது நல்லது.

3. எங்கே, எப்படி உட்காருவது?

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். நம் வீடுகளின் அமைப்பே யார் எங்கே என்று சொல்லிவிடுகிறது: முகப்பில் ஆண்கள், இரண்டாம் கட்டில் பெண்கள். அப்படியே உட்கார்ந்தால் பேச்சும் அப்படியே நடக்கும். வளவுத் தாழ்வாரத்தில் ஜமுக்காளம் விரித்து எல்லாரையும் வட்டமாக உட்கார வையுங்கள். ஒருவருக்கு முட்டிவலி என்றாலும் எல்லாருக்குமே நாற்காலி போடுங்கள். காபி, பலகாரத்தை முன்பே முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் முக்கியமான நேரத்தில் ஆச்சிமார் அடுப்படிக்கு எழுந்து போய்விடுவார்கள். 12 பேருக்கு மேல் இருந்தால் இரண்டு வட்டம்.

4. முதல் சுற்று

ஆளுக்கு 2 நிமிடம். வயதில் சின்னவரிலிருந்து தொடங்குங்கள். பெரியவர் முதலில் பேசிவிட்டால் இளையவர்கள் தலையாட்டுவதோடு சரி. அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, நீங்க கடைசியாப் பேசுங்க. மத்தவுக மனசுல உள்ளது வெளிய வரட்டும்." கோபிக்க மாட்டார், கௌரவமாகவே எடுத்துக்கொள்வார். குறுக்கே யாரும் பேசக் கூடாது. "அப்புறம் சொல்றேன்" என்பவரை வற்புறுத்தாமல், சுற்று முடிந்ததும் மறக்காமல் கேளுங்கள்.

யாரும் வாய் திறக்காவிட்டால் நீங்கள் பேச ஆரம்பித்துவிடாதீர்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளைக் கவனித்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அது 3 விநாடி ஆனபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். நம் கூட்டங்களுக்கு அதுவும் போதாது. மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள்.

5. கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது இதுதான். ஒருவர், "வித்துட்டுப் பங்கைப் பிரிச்சுக்குவோம்" என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே எதிர்ப்பு கிளம்பும். அதற்கு முன் நீங்கள் கேளுங்கள்: "செலவு உங்க தலையிலேயே விழுதுன்னு சொல்றீங்க. சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா அண்ணே?" அவர், "செலவு பெரிசில்லப்பா. வருஷம் பூராப் பூட்டிக் கிடக்கறதைப் பாக்கச் சகிக்கல" என்று சொல்லக்கூடும். இப்போது பேச்சே வேறு. விற்கக் கூடாது என்பவர்களின் வருத்தமும் அதுவாகவே இருக்கலாம். நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டாலும் பரவாயில்லை, அவர் திருத்துவார். அடுத்த ஆளையும் இப்படித் திருப்பிச் சொல்லிவிட்டே தன் கருத்தைச் சொல்லச் சொல்லுங்கள்.

6. பேச்சு தடித்தால் கோலப்பொடி

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வீட்டின் படத்தைக் கோலப்பொடியால் போடுங்கள்: முகப்பு, வளவு, உள் அறைகள், அடுப்படி. ஆளுக்கு 5 புளியங்கொட்டை. முதலில் எங்கே வேலை பார்க்க வேண்டுமோ அங்கே வைக்கட்டும். ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள் பரப்பிய மக்கள் பங்கேற்பு முறைகளில் இப்படித் தரையில் வரைவதும் விதை வைத்து மதிப்பிடுவதும் உண்டு. வாயால் சொல்லத் தயங்குபவரும் கொட்டையை வைத்துவிடுவார். எண்ணுவதோடு நிறுத்தாமல், "இங்க ஏன் இவ்வளவு?" என்று கேளுங்கள்.

7. முடிக்கும்போது

அன்றைக்கே முடிவெடுக்க அவசரப்படாதீர்கள். சொன்னதை அவரவர் வார்த்தையிலேயே எழுதி, கலையும் முன் உரக்கப் படியுங்கள். திருத்தம் இருந்தால் அங்கேயே சொல்லட்டும். அன்று இரவே வாட்ஸ்அப் குழுவில் போட்டு, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்கள் குரல்பதிவு அனுப்ப ஒரு வாரம் கொடுங்கள். முடிவை அதற்கடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.