தோலின் நீரை அளக்கும்போது எடையையும் குறியுங்கள்
மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கையில் நிணநீர் தேங்குகிறதா என்று பார்க்க, 300 மெகாஹெர்ட்ஸ் மின்காந்த அலையால் தோலின் நீரை அளக்கும் கருவியைப் பயன்படுத்துகிறேன். முழங்கை மடிப்புக்கு 6 செ.மீ. கீழே, முன்கையின் உட்புறத்தில் பேனாவால் புள்ளி வையுங்கள். கருவியை மெதுவாக வைக்க வேண்டும். அழுத்தினால் நீர் விலகிவிடும். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். அப்புறம் மறு கையில் அதே இடம்.

ஒரு கையின் எண்ணை மட்டும் நம்பவே கூடாது. கொழுப்பில் நீர் குறைவு. அலை தோலைத் தாண்டிக் கொழுப்புக்குள் போனால் அளவு இறங்கும். என்னிடம் வரும் ஓர் அக்கா 8 கிலோ இளைத்ததும் இரண்டு கையிலும் எண் ஏறியது, பாவம், பயந்துபோனார். இரண்டு கைகளின் அளவுக்கும் இடையிலான விகிதம் மாறவேயில்லை. பாதித்த கையின் அளவை மறு கையின் அளவால் வகுங்கள், முன்கையில் 1.26-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறேன்.