அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை இணையவில்லையா? ‘ஃபர்கெட்’ கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

அம்மாவின் ஃபோன் ஆண்ட்ராய்டு 9இலிருந்து 10க்கு மாறிய மறுநாள் காலையில் வீட்டு வைஃபை விட்டுவிட்டு வரத் தொடங்கியது. இத்தகைய நேரத்தில் எல்லோரும் சொல்லும் மருந்தையே நானும் கொடுத்தேன்: வைஃபை பெயரைத் தொட்டு, சேமித்த இணைப்பை ஃபோனிலிருந்து நீக்கும் ‘ஃபர்கெட்’ கொடுத்துவிட்டு, கடவுச்சொல்லை மீண்டும் இட்டு இணைக்க முயன்றேன். அதுவரை விட்டுவிட்டாவது வந்துகொண்டிருந்த இணைப்பு அத்துடன் முற்றிலும் நின்றுபோனது. கடவுச்சொல் சரியாக இருந்தது, சிக்னல் முழுமையாக இருந்தது, அதே மேசையில் என் மடிக்கணினி தடையின்றி இயங்கியது. அம்மாவின் ஃபோன் மட்டும் இணைய முயன்று முயன்று கைவிட்டது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்று. அந்த நாளை நீங்களும் இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஃபோனின் மொழி ஆங்கிலத்தில் இருப்பதாகக் கொண்டு, திரையில் தெரியும் சொற்களை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

முதல் படி: கோளாறு எங்கே இருக்கிறது?

ஃபோனையும் ரவுட்டரையும் ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அடுத்து, வேறொருவர் ஃபோனில் ஹாட்ஸ்பாட் போடச் சொல்லி, சிக்கலுள்ள ஃபோனை அதில் இணைத்துப் பாருங்கள். அதிலும் இணையவில்லை என்றால் கோளாறு ஃபோனிலேயே இருக்கிறது. கீழே உள்ள கடைசிப் படிக்கு நேராகச் செல்லலாம். ஹாட்ஸ்பாட்டில் நன்றாக இணைந்து வீட்டு வைஃபையில் மட்டும் இணையவில்லை என்றால், ஃபோனும் ரவுட்டரும் ஒன்றையொன்று புரிந்துகொள்வதில்தான் தகராறு. அப்டேட்டுக்குப் பின் வரும் சிக்கல்களில் நான் அதிகம் பார்த்தது இந்த இரண்டாம் வகையைத்தான்.

இரண்டாம் படி: ஃபோன் எந்த முகவரியைக் காட்டுகிறது?

என்னை ஒரு நாள் முழுவதும் அலைக்கழித்த படி இதுதான். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வைஃபை உள்ள ஒவ்வொரு கருவிக்கும் மேக் முகவரி என்ற அடையாள எண் உண்டு. அது இரண்டிரண்டாகப் பிரித்து எழுதப்படும் 12 எழுத்துகளைக் கொண்டது. முன்பெல்லாம் ஃபோன் எங்கே சென்றாலும் தொழிற்சாலையில் பெற்ற அதே முகவரியைத்தான் காட்டும். அதை வைத்து ஒருவர் எந்தக் கடைக்குள் நுழைந்தார், எப்போது வெளியேறினார் என்பதைக்கூடப் பின்தொடர முடிந்தது. இதைத் தடுப்பதற்காக 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து, ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனியான ஒரு புனைமுகவரியைக் காட்டுவது ஃபோன்களின் இயல்பாகிவிட்டது. நல்ல ஏற்பாடுதான், நான் இதை முழு மனதுடன் வரவேற்கிறேன். ஆனால் ரவுட்டரில் ‘மேக் ஃபில்டர்’ போட்டு, குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் உள்ளே விடும்படி யாராவது அமைத்திருந்தால், புதிய முகவரியுடன் வரும் பழைய ஃபோன் அந்த ரவுட்டருக்கு முன்பின் தெரியாத அந்நியர்.

எங்கள் வீட்டில் அந்த ஃபில்டரை ஓரிரு ஆண்டுகளுக்கு முன் நானே போட்டிருந்தேன். அப்டேட் ஆன பின்னும், முன்பே சேமிக்கப்பட்டிருந்த வைஃபை பழைய முகவரியையே பயன்படுத்திக்கொண்டிருந்தது. நான் ‘ஃபர்கெட்’ கொடுத்துப் புதிதாகச் சேர்த்த கணத்தில்தான் புனைமுகவரி நடைமுறைக்கு வந்தது. விட்டுவிட்டு வந்ததற்குக் காரணம் வேறு, அடியோடு நின்றதற்குக் காரணம் வேறு என்பது எனக்கு மாலையில்தான் விளங்கியது.

உங்கள் ஃபோன் காட்டுவது அசல் முகவரியா, புனைமுகவரியா என்பதை ஒரே பார்வையில் அறியலாம். முகவரியின் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். அது 2, 6, ஏ, ஈ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால் அது புனைமுகவரி. அம்மாவின் ஃபோன் முகவரி ரவுட்டரின் பட்டியலில் 40 என்று தொடங்கியது. ஃபோன் திரையிலோ 36 என்று தொடங்கியது. இரண்டையும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியபோதுதான் அந்த 6 என் கண்ணில் பட்டது.

சரிசெய்யும் முறை எளிது. ஆண்ட்ராய்டில் வைஃபை பெயருக்கு அருகிலுள்ள பற்சக்கரக் குறியைத் தொட்டு, ‘ப்ரைவசி’ என்பதில் ‘யூஸ் டிவைஸ் மேக்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாம்சங் ஃபோன்களில் இது ‘மேக் அட்ரஸ் டைப்’ என்ற பெயரில் இருக்கும். அங்கே ‘ஃபோன் மேக்’ என்று மாற்ற வேண்டும். ஐபோனில் வட்டத்துக்குள் இருக்கும் ஐ குறியைத் தொட்டு ‘ப்ரைவேட் வைஃபை அட்ரஸ்’ என்பதை அணைக்க வேண்டும். இந்த மாற்றம் அந்த ஒரு வைஃபைக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், இரயில் நிலையத்திலும் கடைகளிலும் உங்கள் அந்தரங்கம் குலையாது.

விடுதியிலோ அலுவலகத்திலோ ஃபில்டர் உங்கள் கையில் இல்லை என்றால் இதுவே வழி. வீட்டு ரவுட்டர் உங்களுடையது என்றால், ஃபில்டரை எடுத்துவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. மேக் முகவரி காற்றில் மறைக்கப்படாமலேயே செல்கிறது. ஒட்டுக்கேட்கத் தெரிந்தவர் அதை அறிந்து, தன் கருவிக்குச் சூட்டிக்கொள்ள முடியும். நீளமான, ஊகிக்க முடியாத கடவுச்சொல் தரும் பாதுகாப்பை அந்தப் பட்டியல் தராது.

மூன்றாம் படி: ரவுட்டருக்குள் செல்லுதல்

ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் உள்நுழையும் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. இதற்கென நிறுவனங்கள் தரும் செயலிகளைவிட, மடிக்கணினியை லேன் கேபிளால் ரவுட்டரில் செருகி, பிரௌசர் வழியாகச் செல்வதையே நான் விரும்புகிறேன். செயலிகள் பாதி அமைப்புகளைக் காட்டுவதில்லை. வைஃபை வழியாகவே வைஃபை அமைப்பை மாற்றினால், நடுவில் இணைப்பு அறுந்து நாம் வெளியே நிற்க நேரிடும்.

அம்மாவின் ஃபோனில் இணைப்பு விட்டுவிட்டு வந்த முதல் சிக்கலுக்கு இங்கேதான் மருந்து கிடைத்தது. ரவுட்டர் தரும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு வைஃபை அலைவரிசைகளுக்கும் ஒரே பெயர் இருந்ததால், ஃபோன் இரண்டுக்கும் இடையே தாவிக்கொண்டே இருந்தது. இரண்டுக்கும் தனிப்பெயர் கொடுத்து, சுவர் தாண்டியும் எட்டும் 2.4இல் அதை நிறுத்தியதும் துண்டிப்பு நின்றது. ஆனால் பெயர் மாறினால் ஃபோனுக்கு அது புதிய வைஃபை. புனைமுகவரி மறுபடியும் வந்துவிடும். இந்த இடத்தில் நான் மீண்டும் சிக்கிய பின்புதான் ஃபில்டரை அகற்றினேன்.

ரவுட்டரில் வைஃபை பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2 (பழைய முறை), டபிள்யூபிஏ3 (புதிய முறை) இரண்டும் கலந்ததாக இருந்தால், சோதனைக்காக டபிள்யூபிஏ2 மட்டும் வைத்துப் பாருங்கள்.

நான்காம் படி: ‘இணைந்தது, இன்டர்நெட் இல்லை’ என்று வந்தால்

வைஃபை இணைந்தும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால், ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள ‘ப்ரைவேட் டிஎன்எஸ்’ அமைப்பைப் பாருங்கள் (டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை). விளம்பரங்களைத் தடுப்பதற்காக அங்கே ஒரு பெயரை எப்போதோ இட்டிருந்து, அந்தச் சேவை இப்போது எட்டாமல் போனால், மொத்த இணையமும் முடங்கியதுபோல் தோன்றும். ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றினால் போதும். விபிஎன் (இணைப்பை வேறொரு சர்வர் வழியாகச் செலுத்தும் சேவை) ஓடினால் அதையும் நிறுத்திப் பாருங்கள். ஃபோனின் தேதி தவறாக இருந்தாலும் பாதுகாப்பான தளங்கள் திறக்காது.

கடைசிப் படி: நெட்வொர்க் ரீசெட்

செட்டிங்ஸில் ‘ரீசெட்’ என்று தேடினால் வைஃபை, மொபைல், புளூடூத் அமைப்புகளை மட்டும் அழிக்கும் தேர்வு கிடைக்கும். படங்களும் செய்திகளும் அழியாது. ஆனால் சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் அனைத்தும் போய்விடும். புளூடூத் கருவிகளையும் மீண்டும் இணைக்க வேண்டியிருக்கும். எனவே கடவுச்சொற்களை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வைஃபையைச் சரிசெய்து தருவதாகச் சொல்லும் செயலிகள் எதையும் நிறுவாதீர்கள். இவற்றில் எந்த அமைப்பையும் அவை உங்களுக்காக மாற்றித் தருவதில்லை.

பின்சேர்க்கை 1: எல்லாம் சரியாக இருந்தும், வாரங்கள் கழித்து இணைப்பு மீண்டும் நின்றதாக ஓர் ஐபோன் வாசகர் எழுதியிருந்தார். 2024இல் வந்த ஐஓஎஸ் 18இல் புனைமுகவரிக்கு ‘ஆஃப்’, ‘ஃபிக்ஸ்டு’, ‘ரொடேட்டிங்’ என மூன்று நிலைகள் உள்ளன. கடைசி நிலையில் முகவரி அவ்வப்போது மாறிக்கொண்டே இருக்கும். அவர் ‘ஃபிக்ஸ்டு’ என்று மாற்றி, அந்த முகவரியை ரவுட்டரில் பதிந்ததும் சிக்கல் தீர்ந்தது.

பின்சேர்க்கை 2: மகளின் ஃபோனுக்கு இரவு 10 மணிக்கு மேல் இணையம் கிடைக்காதபடி ரவுட்டரில் வைத்திருந்த கட்டுப்பாடு, அப்டேட்டுக்குப் பின் வேலை செய்யவில்லை என்று ஒரு தாய் கேட்டிருந்தார். அந்தக் கட்டுப்பாடும் மேக் முகவரியை வைத்தே இயங்குகிறது. மகளின் ஃபோனில் வீட்டு வைஃபைக்கு மட்டும் அசல் முகவரியைத் தேர்ந்தெடுத்தால் பழைய கட்டுப்பாடே மீண்டும் செயல்படும். அதை மகளிடம் சொல்லிவிட்டுச் செய்யும்படி அவருக்குப் பதில் எழுதினேன்.